சந்தாவில் விலக்கு உண்டா?

சாப்பாட்டுக் கடைக்குப் போகிறீர்கள், தோழர்களே! முழுச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். இலை விழுகிறது, சோறு விழுகிறது. குழம்பு எங்கே என்று கேட்டால், "உமக்குக் குழம்பு ஊற்றாமலிருக்க எங்களுக்கு அனுமதி இருக்கிறது" என்கிறார் கடைக்காரர். அப்படியானால் காசைக் குறைத்துக்கொள்வீரா? ஊஹும், அது மட்டும் முடியாதாம்! சும்மா எழுந்து வருவீர்களா?

அமெரிக்காவிலே சந்தா கட்டிக் கேபிள் தொலைக்காட்சி பார்க்கும் காது கேளாதவரின் நிலை, பல சேனல்களில் இதுதான். படம் தெரிகிறது, உதடு அசைகிறது, சொல் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது திரையின் அடியிலே ஓடும் எழுத்து. நாம் சப்-டைட்டில் என்கிறோமே, அதன் உடன்பிறப்பு. கதவு தட்டும் ஓசையையும், பின்னால் கேட்கும் வெடியையும்கூட எழுதிக் காட்டும்.

இந்த எழுத்து யாரும் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையல்ல. 1972-ல் ஜூலியா சைல்ட் அம்மையாரின் சமையல் நிகழ்ச்சியிலே முதன்முதலாக வந்தது. 1980-ல் வேண்டியவர் மட்டும் வரவழைத்துப் பார்க்கும் முறை வந்தது. அதற்கென்று தனிக் கருவி வாங்கவேண்டும். 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகளுக்குள்ளேயே அந்தக் கருவியை வைக்கவேண்டும் என்று 1990-ல் சட்டம் செய்தார்கள். கருவி இருந்து என்ன பயன், எழுத்தை அனுப்பவேண்டாமா? 1996-ல் தொலைத்தொடர்புச் சட்டம் அதையும் கேட்டது. எஃப்.சி.சி. எனும் ஆணையம் விதி வகுத்தது. 2006 ஜனவரி முதல் புதிய ஆங்கில நிகழ்ச்சி அத்தனைக்கும் எழுத்து வேண்டும் என்றது.

'அத்தனைக்கும்' என்று எழுதிய அதே பேனாதான், 'நீங்கலாக' என்றும் எழுதியது!

புதிய சேனலா? முதல் 4 ஆண்டுகளுக்கு விலக்கு. சேனலின் ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலருக்குக் குறைவா? எழுத்துக்காக ஒரு காசும் செலவிட வேண்டாம். ஏற்கெனவே எழுத்தோடு வந்த நிகழ்ச்சியை அப்படியே அனுப்பினால் போதும். வருமானம் அதற்கு மேலா? சேனலின் வருமானத்தில் நூற்றுக்கு 2-க்கு மேல் செலவிடச் சொல்லமாட்டோம். நள்ளிரவு தாண்டி 2 மணியிலிருந்து 6 மணி வரையா? அதற்கும் விலக்கு. இரவு ஷிப்டு முடித்து 3 மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளிக்குக் காது கேளாது என்றால், அவர் விடியும்வரை ஊமைப்படம் பார்க்கட்டும் என்பது ஏற்பாடு போலும்.

"சிறிய நிலையங்கள் பிழைக்கவேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். ஊர்க்கோடியிலே நாலு பேர் கூடி நடத்துகிற நிலையத்தைக் கடனிலே தள்ளச் சொல்லவில்லை நாம். ஆனால் அந்த விதி பார்ப்பது சேனலின் வயதை, சேனலின் வரவை. சேனலுக்குப் பின்னால் நிற்கும் முதலாளியின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லையே! பத்துச் சேனல் வைத்திருப்பவர் பதினொன்றாவதைத் தொடங்கினால், அது புதுக் குழந்தை. 4 ஆண்டு தாலாட்டு!

இவை போக, மனுப் போட்டு வாங்கும் விலக்கு ஒன்று உண்டு. செலவு தாங்காது என்று காட்டினால் ஆணையம் விலக்கு அளிக்கும். 2006-ல் நடந்ததைக் கேளுங்கள். மீன்பிடிப்போர் பெயரில் இயங்கிய ஒரு கிறித்துவ அமைப்புக்கும் இன்னொரு மத அமைப்புக்கும் ஆணையத்தின் ஒரு பிரிவு விலக்கு அளித்தது. லாப நோக்கமில்லாதவர்கள் என்பது முக்கிய காரணம். அதையே முன்மாதிரியாகக் காட்டி, கிட்டத்தட்ட 300 பேருக்கு விலக்கு! தனித்தனியே கணக்குக் கேட்டார்களா? இல்லை. காது கேளாதோர் சங்கங்கள் அந்த ஆண்டே எதிர்த்து முறையிட்டன. எப்போது நீதி வந்தது? 2011 அக்டோபரில். 298 விலக்குகளை ஆணையமே ரத்து செய்தது. வரவு செலவைக் காட்டு, எழுத்துக்கு எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டு வா, ஆதரவாளர் யாரையாவது தேடினாயா என்று சொல் - இப்படி ஒவ்வொருவரையும் கேட்கத் தொடங்கினார்கள். நல்லது. அந்த 5 ஆண்டு நிகழ்ச்சிகளை யார் திருப்பிக் காட்டுவது?

இன்னும் ஒரு ஓட்டை அடைபடவில்லை. மனு நிலுவையில் இருக்கும் வரை எழுத்துப் போடவேண்டியதில்லை என்பது விதி. பரிசீலனை இழுக்க இழுக்க மனுதாரருக்கு லாபம்! மனு கிடக்கும் நாளெல்லாம் எழுத்து ஓடட்டும், தீர்ப்பு வந்த பிறகு நிறுத்துவதா என்று பார்க்கலாம் என மாற்றினால், தாமதம் யாருக்கு இனிக்கும்?

நம்மைத் தொடுகிற செய்தி ஒன்றும் அந்தப் பட்டியலிலே இருக்கிறது. ஆங்கிலம், ஸ்பானிஷ் தவிர்த்த பிற மொழி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் எழுத்துக் கட்டாயம் இல்லை. தமிழும் அந்தப் 'பிற'வில் ஒன்று. மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போய்ச் சேர்ந்த ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். வயதாகிக் காது மந்தமாகிவிட்டது. தமிழ்ச் சேனலுக்கென்று மாதந்தோறும் தனியாகப் பணம் கட்டுகிறான் மகன். மாலையில் தொடர் ஓடுகிறது. "என்னடா சொல்கிறாள்?" என்று கேட்கிறார். பேரன் ஆங்கிலச் சேனலுக்கு மாற்றுகிறான். அங்கே எழுத்து ஓடுகிறது. அதைப் படிக்க அவருக்குத் தெரியாது.