டீச்சருக்குத் தெரிந்த இரண்டு பெயர்கள்

சேரிப் பிள்ளைகளுக்குப் பல வருடங்கள் பாடம் நடத்திய ஆசிரியர்களிடம் பேசிப் பாருங்கள். பக்தியுள்ள கிறிஸ்தவ மாணவர்களைப் பற்றி அவர்களிடம் ஒரு நினைவாவது இருக்கும். நான் களப்பணி செய்யும் பகுதியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் பரீட்சைத் தாளைத் திறக்கும் முன் கண்மூடி ஜெபித்த பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசித்துப் பழகியதால் தமிழ் வகுப்பிலும் தடுமாறாமல் வாசித்த பையனைப் பற்றிச் சொல்வார். "ஒரு நாளும் காப்பி அடிக்காதுங்க அந்தப் பிள்ளைங்க" என்பார்.

இந்த மாதிரி நினைவுகளைக் கேட்டால் நம் தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். பக்தி அடிமைப்படுத்தும், ஜெபம் பண்ணுகிறவன் போராட வரமாட்டான் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஊர்க் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட சமூகத்தின் பிள்ளைக்கு, சபை நடுவில் எழுந்து நின்று உரக்க வாசிக்க இடம் கிடைப்பது சின்ன விஷயமா? நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு முதல் சிலேட்டு மிஷன் பள்ளியில்தான் கிடைத்தது. 1890களில் செங்கல்பட்டில் பறையர்களின் நிலவுரிமைக் கோரிக்கை மேலெழுந்ததில் அங்கிருந்த மிஷனரிகளுக்கும் பங்கு உண்டு. அந்த நம்பிக்கையை ஏளனம் செய்துவிட்டு அந்த மக்களிடம் எப்படிப் போய் நிற்போம்?

என் கேள்வி வேறு. டீச்சரின் நினைவில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் ஒன்று, ஜெபத்தில் ஒன்று. டீச்சர் அதைச் செல்லமாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டாவது பெயர் ஏன் பதிவேட்டுக்கு வரவில்லை?

1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்திதான் காரணம். இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். 18 சதவீதத்தை விட்டு 26.5 சதவீதத்துக்குத்தானே போகிறார்கள், லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நிலமும் ஆள்பலமும் உள்ள சாதிகளோடு அதே வரிசையில் போட்டி போட வேண்டும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. தனித் தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது.

அதனால்தான் வீடுகளில் இரண்டு பெயர்கள். இதை ஏமாற்று வேலை என்கிறது அதிகாரம். நம்பிக்கை ஒன்றாக இருக்க, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. பொய் சொல்லாதே என்று ஞாயிறு பள்ளியில் கற்ற பிள்ளையை, சான்றிதழுக்காகத் தன் நம்பிக்கையை மறைக்கச் செய்வது யார்? அந்த மூன்றாவது பத்திதானே?

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது இந்த ஆணையின் அடிப்படை. போனதா? எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு, 2008 மார்ச்சில் மோதலும் துப்பாக்கிச்சூடும் நடந்து இரண்டு உயிர்கள் போயின. திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் நின்றது. திருச்சபைக்குள் சாதியை வைத்துக்கொண்டு அரசிடம் மட்டும் நியாயம் கேட்கும் ஆயர்களையும் நாம் கேள்வி கேட்க வேண்டும். அதற்காக அரசின் அநீதி சரியாகிவிடாது.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்து, அதற்குக் காலநீட்டிப்பும் கொடுத்தது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை தொடர்கிறதா என்பதே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் ஆசிரியர்கள். ஜெபித்த பிள்ளையும் சூடம் ஏற்றிய பிள்ளையும் ஒரே காலனியிலிருந்து வந்ததை, இருவரின் அப்பாவும் ஒரே வயலில் கூலிக்குப் போனதை, ஊர்ப் பையன்கள் இருவரையும் ஒரே வசைச் சொல்லால் அழைத்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைக்கு அந்த வசையில் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

எனவே மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத் தேடிப் போங்கள். அவர்களின் அன்பான நினைவுகளைப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் கேளுங்கள்: அந்தப் பெண் எந்தத் தெருவிலிருந்து வந்தாள், சான்றிதழில் என்ன எழுதினார்கள், எதுவரை படித்தாள், இப்போது என்ன வேலை செய்கிறாள்? அவர்கள் சம்மதித்தால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாணவர்களின் பெயரை மட்டும் வெளியிடாதீர்கள். எந்தப் பெயரைப் போட்டாலும் அவர்களுக்கு இன்று ஆபத்துதான்.