மாத்திரைக்கு ஒரு மறைவிடம்

எச்.ஐ.வி. தொற்றுள்ளோரில் பெரும்பாலோருக்கு இன்று நாளொன்றுக்கு ஒரே மாத்திரைதான். 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்துச் சிகிச்சை கட்டணமின்றித் தொடங்கியபோது காலையும் மாலையும் உட்கொள்ள வேண்டியிருந்தது. முறையாக உட்கொண்டால் இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவினால் துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை.

ஆயினும் அந்த ஒரு மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்போர் இருக்கின்றனர். புட்டியின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டுச் சத்து மாத்திரை என்று சொல்வோரும் உண்டு. உறவினர் திருமணத்திற்குச் சென்றால் மூன்று நாள் மருந்து நின்றுவிடுகிறது. பையை யாரேனும் திறந்துவிடுவார்களோ என்ற அச்சம். இதனைக் குறிப்பேட்டில் ‘மறதி’ என்று பதிவதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சமும் தனிமையும் மறதி ஆகா.

ஊரறியச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணனோ, அக்காளோ, நெடுநாள் தோழியோ, நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒருவர் அறிந்திருந்தால் போதும். வாழ்க்கைத்துணையிடம் சொல்வது வேறு. அவருக்கும் பரிசோதனை தேவை. எப்படித் தொடங்குவது என்ற தயக்கம் இருப்பின் நம்பிக்கை மைய ஆலோசகர் துணை நிற்பார்.

குடும்பத்தாரிடம் ஒன்று கேட்க வேண்டும். “பாதுகாப்புக்குத்தானே டாக்டர்” என்று சொல்லித் தனித்தட்டும் தனித்தம்ளரும் ஒதுக்குகிறீர்களே, அந்தத் தட்டு யாரைக் காக்கிறது? சேர்ந்து உண்பதாலோ, தொடுவதாலோ, கொசுக்கடியாலோ இத்தொற்று பரவாது. சவரக்கத்தியைப் பகிராதீர்கள்; அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். படித்தவர் வீடுகளிலும் இந்தத் தட்டைக் காண்கிறோம் என்பதே வருத்தம். உங்களை நம்பிச் சொல்லப்பட்ட செய்தியை, நல்லெண்ணத்தினாலேனும், சம்பந்தி வீட்டாரிடமோ பிறரிடமோ கொண்டுசெல்லாதீர்கள். ஒருவரின் தொற்றுநிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், அதன்பொருட்டு வேலை, கல்வி, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மையோ, எதிலும் நாட்டமின்மையோ தொடர்ந்தால் அடுத்த மருந்துத் தேதிவரை காத்திராமல் வாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அன்றே வாருங்கள். நேரில் பேசக் கூச்சமிருப்பின் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். நம்பிக்கைக்குரிய அந்த ஒருவரையும் உடன் அழைத்து வரலாம். நீங்கள் விரும்பினால் அவர் அறைக்குள் அமரட்டும், இல்லையேல் வெளியே காத்திருக்கட்டும்.