குத்துவோர் கையும் குத்தப்படுவோர் காதும்

‘காது குத்துதல்’ என்னும் தொடருக்குத் தமிழ் வழக்கில் இரு பொருள்கள் உள. ஒன்று, செவிமடலிலே துளையிட்டு அணி பூட்டும் சடங்கு. மற்றையது, ஏமாற்றுதல். இவ்விரு பொருளையும் ஒரே தொடர் தாங்கி நிற்பது முற்றிலும் தற்செயலானது எனக் கொள்வதற்கில்லை. மாமன் மடியிலே பிள்ளையை இருத்தி, கையிலே இனிப்பைக் கொடுத்து, வேறெங்கோ நோக்கச் செய்து, அது அறியாத கணத்திலே குத்திவிடுவதே சடங்கின் நடைமுறை. பிள்ளை வீரிட்டு அழுகின்றது, பெரியோர் சிரிக்கின்றனர், பந்தி தொடங்குகின்றது. எவருடைய காது, எவருடைய முடிவு என்னும் வினா அவ்வேளையில் எழுவதேயில்லை.

அவ்வினாவை எழுப்பவேண்டிய காலம் வந்துள்ளது. உடலில் இடப்படும் முதற்றுளை அளவாற் சிறியதாயினும் அது ஒரு காயமே. அக்காயத்தை எவர் சுமக்கின்றாரோ, எவர் ஆற்றுகின்றாரோ, பிழைத்தவிடத்து எவர் தழும்போடு வாழ்கின்றாரோ, அவரே அதனைத் தீர்மானிக்க உரிமையுடையவர். அவ்வுரிமையிலிருந்து பராமரிக்கும் பொறுப்பைப் பிரித்தல் இயலாது. மிக எளிய இவ்வுண்மை மூன்று தரப்பினரால் மறுக்கப்படுகின்றது. ஒரு சாரார் மரபின் பெயராலும், மற்றொரு சாரார் வணிகத்தின் பெயராலும், பிறிதொரு சாரார் உரிமையின் பெயராலுமே மறுக்கின்றனர். மூன்றையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

மரபின் பெயராற் பேசுவோர், காதுகுத்தல் முன்னோர் வகுத்த சடங்கு. ஆதலின் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது என்பர். முன்னோர் உண்மையில் யாது வகுத்தனர் என்பதை அவர்கள் நோக்குவதில்லை. பண்டைய ஆயுள்வேத நூலாகிய சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்திலே 16ஆம் அத்தியாயம் காதுகுத்தல் பற்றியது. பிள்ளையின் ஆறாம் அல்லது ஏழாம் மாதத்திலே அதனைச் செய்க என்றும், காப்பும் அணியும் அதன் நோக்கங்கள் என்றும் அந்நூல் கூறுகின்றது. மரபுவாதிகள் அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் அதே அத்தியாயம், சூரிய ஒளி மடலினூடே ஊடுருவித் தெரியும் இடத்தையே தேர்ந்து குத்துக என்கின்றது. இடந்தவறி நாளத்திலே குத்தினால் நோவும் வீக்கமும் சுரமும் விளையுமென எச்சரிக்கின்றது. துளையிலே எண்ணெய் தோய்த்த திரியிட்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றும் முறையைச் சொல்கின்றது. அறுந்த மடலைப் பொருத்துதற்குப் பதினைந்து வகைச் சத்திரசிகிச்சைகளையும் வகுக்கின்றது. துளையிடலை ஒரு சத்திரகருமமாகவும், பிழைத்தால் உடலைக் கெடுப்பதாகவும் அந்நூலார் கண்டார் என்பது தெளிவு. பிள்ளையைப் பீடிக்கும் தீய சக்திகளிடமிருந்து காப்பு என்னும் நோக்கத்தை இன்று எந்த வைத்தியரும் ஏற்பதில்லை. அந்நோக்கம் நீங்கியபின், அதனோடு ஒட்டிய வயது விதியைப் பற்றி நிற்பதற்கு நியாயம் இல்லை. நிலைக்கத்தக்கது அவருடைய எச்சரிக்கையே. மரபைப் போற்றுவதாகக் கூறுவோர் நிலைக்கத்தக்கதைக் கைவிட்டு, நீங்கியதைக் காப்பாற்றுகின்றனர்.

மேலும், மரபு என்பது மாறாத பொருளும் அன்று. யாழ்ப்பாணத்துப் பெரியார் பலர் கடுக்கனோடு சபைகளில் வீற்றிருந்த காலம் ஒன்றிருந்தது. அன்று அது மதிப்பின் அடையாளம். இன்று அவர்களுடைய பேரன் ஒருவன் காதிலே சிறு வளையம் இட்டு விரிவுரை மண்டபத்துள் நுழைந்தால், பண்பாடு அழிந்ததெனப் புலம்பல் எழுகின்றது. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலே பெண்கள் காதை வளர்த்துப் பாம்படமும் தண்டட்டியும் அணிந்தனர். பின்னர் அந்நீண்ட காது நாணத்துக்குரியதாகக் கருதப்பட, அதனை அறுத்துத் தைத்துக்கொண்டோரும் உளர். மூக்குத்தியோ பண்டைய இந்தியச் சிற்பங்களிற் காணப்படாது, இடைக்காலத்திலே பரவிய அணி என்பதைக் கலை வரலாற்றாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒரு காலத்தின் புதுமையே பிறிதொரு காலத்தின் மரபாகின்றது. எனவே ‘மரபு’ என்னும் சொல் ஒருவரின் காதைக் குத்துதற்கும் போதிய நியாயமன்று. குத்திக்கொண்ட ஒருவரை இகழ்தற்கும் போதிய நியாயமன்று.

இங்கு ஒரு வலிய எதிர்வாதம் எழுப்பப்படுவதுண்டு. குழந்தைப் பருவத்திலே குத்திவிட்டால் நோவு நினைவில் நில்லாது, காயமும் விரைந்து ஆறும் என்பர். நினைவில் நில்லாமை நோவு இன்மை ஆகாது. தன் காது கொதிப்பதையும் துடிப்பதையும் சொல்லத் தெரியாத குழந்தையிடத்தே தொற்றுப் பிந்தியே கண்டறியப்படும். இலங்கையின் நோய்த்தடுப்புத் திட்டத்திலே ஏற்புவலி, ஈரலழற்சி ‘பி’ என்பவற்றுக்கு எதிரான தடுப்பூசி இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களிலேயே ஏற்றப்படுகின்றது. கருக்காலத்திலே தாய்க்கு ஏற்றிய ஏற்புத் தடுப்பூசி சேய்க்கு ஓரளவு காப்பளிக்கும் என்பது உண்மையே. ஆயினும், பிறந்த ஓரிரு மாதங்களுக்குள் குத்தி முடிக்க விரையும் குடும்பங்கள், பிள்ளையின் சொந்தக் காப்பு உருவாகுமுன் அதன் தோலைத் திறக்கின்றன. வளரும் மடலிலே துளை இடம்பெயர்ந்து, இரு காதும் ஒவ்வாதிருத்தலும் உண்டு.

இவ்வாதத்தின் பிறிதொரு கூறு நேர்மையாக எதிர்கொள்ளப்படல் வேண்டும். கீலோயிட் எனப்படும் மிகைத் தழும்பு கருநிறத் தோலினரிடையே கூடுதலாகத் தோன்றுவது. பதினொரு வயதுக்குப் பின்னர் காது குத்திக்கொண்டோரிடம் அது மிகுந்து காணப்பட்டதென 2005இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்று காட்டியது. இதனைக் கொண்டு குழந்தையின் காதைக் குத்துதல் சரியென முடிப்போர் பாதி வழியிலே நின்றுவிடுகின்றனர். குடும்பத்திலே அத்தழும்பு கண்டோர் இருந்தாற் குத்தாதிருப்பதே முதல் அறிவுரை. குத்தவே விரும்பினும், பதினொரு வயதுக்கு முன் என்பது பிறந்த முதல் மாதம் எனப் பொருள்படாது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு வாயுண்டு; வேண்டும், வேண்டாம் எனச் சொல்லும் அறிவும் உண்டு. அதனைக் கேட்பதற்குப் பெற்றோருக்குக் காதுதான் வேண்டும்.

இரண்டாவது தரப்பினர் வணிகர். ஊர்ப் பத்தர் பொற்கம்பியின் கூர்நுனியாற் குத்திய காலத்திற்கூட ஒரே ஊசி பல காதுகளைக் கண்டது. அக்காலத்தைப் பொற்காலம் எனப் பாடுதல் பொருந்தாது. ஆனால் அவ்விடத்தைப் பிடித்துள்ள நகைக்கடைத் துப்பாக்கி முன்னேற்றத்தின் வேடம் புனைந்த பின்னடைவாகும். வில்லின் விசையாலே மொட்டையான தோட்டுத் தண்டினை மடலினூடே தள்ளுவது அதன் இயக்கம். கூரிய வெற்றூசி திசுவை வெட்டிச் செல்ல, இதுவோ நசித்துக் கிழித்துச் செல்கின்றது. பிளாத்திக்கினாலான அதன் உடலை 121 பாகை செல்சியசில் அழுத்த நீராவியால் தொற்றுநீக்குதல் இயலாது; மதுசாரத்தால் துடைத்துவிடுதல் தொற்றுநீக்கம் ஆகாது. ஒருவரின் குருதித் துளி மற்றொருவரின் காயத்தைச் சேர்ந்தால், ஈரலழற்சி ‘பி’, ‘சி’ வைரசுகள் பரவுதற்கு அதுவே போதும். தண்டும் குட்டையானது, மடல் வீங்கும்போது பின்பூட்டு தசையுள்ளே புதைந்துவிடுகின்றது.

மடலை விடுத்து மேற்காதின் கசியிழையத்திலே இக்கருவியைப் பயன்படுத்துவது பெருந்தவறு. கசியிழையத்துக்குத் தனக்கெனக் குருதி நாளம் இல்லை. தன்னை மூடிய மென்சவ்விலிருந்தே அது ஊட்டம் பெறுகின்றது. அங்கு சீழ் கட்டினால் ஊட்டம் அறுந்து இழையம் மடிகின்றது. காது சுருங்கி உருவிழக்கின்றது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குச் சான்று. நகை விற்பனைக் கூடமொன்றில் மேற்காதைக் குத்திக்கொண்டோருள் எழுவருக்குச் சூடோமோனாசுப் பற்றீரியத் தொற்று உறுதிசெய்யப்பட்டது. அவர்களுட் சிலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். விசாரணையின்போது அப்பற்றீரியம் தொற்றுநீக்கி நிரப்பிய போத்தலிலேயே கண்டுபிடிக்கப்பட்டது! தூய்மையின் சின்னமாகக் கடைக்காரர் காட்டும் போத்தலே நோயின் ஊற்றாக அமையக்கூடும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

உலோகத்திலும் இதே வணிகம் விளையாடுகின்றது. மலிந்த தோடுகளிற் கலந்துள்ள நிக்கல் தோலொவ்வாமையை உண்டாக்குவது. ஒருமுறை உண்டானால் அவ்வொவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடர்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே துளையணிகளில் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. முதற்றுளைக்கு உகந்தவை உடலுட் பதிக்கும் தரத்துத் தைத்தேனியமும், 14 கரட்டுக்குக் குறையாத, நிக்கல் கலவாத பொன்னுமே. பொன்முலாம் பூசியது பொன்னன்று என்பதை விற்பவர் சொல்லமாட்டார். வாங்குபவரே கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது தரப்பினர் மாணவரிடையே உள்ளோர். தம் உடல் தமக்கே உரியது என அவர்கள் முழங்குவது முற்றிலும் சரியானதே. ஆனால் மாலையிலே நகருக்குச் சென்று, நண்பர் நால்வர் குத்திக்கொண்டதாலே தாமும் மூக்கையோ புருவத்தையோ குத்திக்கொண்டு, மறுவாரம் அழுக்கு விரலால் அதனைத் திருகிக்கொண்டிருப்பவர், உரிமையைப் பயன்படுத்தினார் எனக் கூறல் இயலாது. சடங்கிலே உறவினர் கூடித் தீர்மானித்தனர். இங்கே தோழர் கூடித் தீர்மானித்துள்ளனர். முடிவு இரண்டிடத்தும் பிறருடையதே. கூட்டம் மாறியதன்றி அடிமைத்தனம் மாறவில்லை.

தன் முடிவாக அமையவேண்டுமாயின் குத்துமுன் சில வினாக்களுக்கு விடை வேண்டும். மடல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஆறும். மூக்குக்குச் சில மாதங்கள் வேண்டும். மேற்காதும் கொப்பூழும் ஓராண்டுவரை எடுத்தல் கூடும். பரீட்சையும் விளையாட்டும் நிறைந்த அத்தனை காலமும் அதனைப் பேண இயலுமா? வாதக் காய்ச்சலால் இதய வாயில் பழுதுற்றவர், நீரிழிவு உள்ளவர், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர் முன்னரே வைத்தியரைக் கேட்டனரா? ஏற்புத் தடுப்பூசி காலாவதியாகவில்லையா? குத்துபவர் கைகழுவிப் புதுக் கையுறை அணிந்து, முத்திரையிட்ட உறையிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியைக் கண்முன்னே பிரிக்கின்றாரா? இவற்றைக் கேட்கும்போது முகஞ்சுளிக்கும் கடையிலிருந்து எழுந்து வருதலே அறிவுடைமை. முதன்முறை மடலோடு அமைதலும் விவேகமே. அதன் குருதியோட்டம் நிறைந்தது, பிழையும் எளிதில் திருந்தும்.

குத்தியபின் செய்யவேண்டியவை சிலவே, செய்யாதிருக்கவேண்டியவையே பல. சவர்க்காரமிட்டுக் கைகழுவாது தொடலாகாது. நாளுக்கு இருமுறை, மருந்துக்கடையிற் பெறும் 0.9 சதவீத உப்புக் கரைசலாலே நனைத்து, படிந்த பொருக்கு இளகியபின் தூய வலைத்துணியால் ஒற்றியெடுத்தல் போதும். மஞ்சளும் காய்ச்சிய எண்ணெயும் சாம்பலும் ஐதரசன் பேரொட்சைட்டும் மதுசாரமும் காயத்தை உறுத்துவனவேயன்றி ஆற்றுவன அல்ல. தோட்டினைத் திருப்பிக்கொண்டிருக்கவேண்டும் என்னும் பழைய அறிவுரையும் பிழையானது. புதிதாய் முளைக்கும் தோலை அது கிழிக்கின்றது. குளத்திலும் கேணியிலும் மூழ்குதல், அப்பக்கம் சரிந்து துயிலல், ஆறுமுன் நகையை மாற்றல் ஆகியன தவிர்க்கற்பாலன. வெளிறிய நீர் சிறிது கசிந்து பொருக்காதல் இயல்பு. செம்மை பரவுதல், கொதிப்பு, துடிப்பு, பச்சை நிறச் சீழ், காய்ச்சல் என்பன தோன்றின் அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். நகையைத் தாமே கழற்றிவிடலாகாது. துளைவாய் மூடி உள்ளே சீழ் தேங்குதல் கூடும்.

இத்துணைச் சிறு விடயத்துக்கு இத்துணை விவாதமோ என வினவுவோர் இருப்பர். அன்னார் ஒன்றைச் சிந்தித்தல் நன்று. எப்பருவத்திலே துளையிடுவது எனப் பெண்ணைக் கேளாது தீர்மானித்த அதே சமூகம், கணவன் இறந்த அன்று மூக்குத்தியைக் கழற்றுமாறும் அவளைக் கேளாதே பல குடும்பங்களிற் கட்டளையிட்டது. இடையிலே எத்துணைப் பவுண் காதில் இருந்தது என்பதைக்கொண்டு அவள் பெறுமதியையும் நிறுத்தது. வறியவளின் வெறுங்காதை எள்ளியது. பூட்டும் அதிகாரமும் கழற்றும் அதிகாரமும் ஒரே கையிலேயே இருந்துவந்துள்ளன. அவ்வதிகாரத்தின் முதற் பயிற்சி தொட்டிலிலே தொடங்குகின்றது.

எனவே காதுகுத்தல் ஒழிக என்பது இங்கு வேண்டப்படுவதன்று. அழகை விரும்புதல் மனித இயல்பு, அணியும் கலையே. வேண்டப்படுவது, குத்தப்படுபவர் அறிந்து, விரும்பி, நாள்குறித்து, தூய ஊசியை நாடிச் சென்று, தன் கையாலே தன் காயத்தைப் பேணி ஆற்றிக்கொள்ளும் நிலையே. அவ்வாறு பெற்ற துளையிலே பித்தளை கிடப்பினும் அது அவருடைய அணி. பிறர் தீர்மானித்து இட்ட துளையிலே வைரம் மின்னினும், அது பிறர் தீர்மானத்தின் அடையாளமே.