பாட்டிலுக்குள் ஒரு பெண்ணா?

போன மாதம் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி. மறுநாள் மெஷின் டிராயிங் ஷீட் கொடுத்தாக வேண்டும். பாதிப் பேருக்கு செக்ஷனல் வியூவே முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன் காலி கோகோ கோலா கண்ணாடி பாட்டிலைத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தான். "டேய், இது வெறும் பாட்டில்னா நினைக்கிறே? பொண்ணுடா! ரேமண்ட் லோவின்னு ஒரு டிசைனர், வேணும்னே பொம்பளை உருவத்தை உள்ளே ஒளிச்சு வெச்சிருக்கான். நமக்கே தெரியாம நம்மை வாங்க வைக்கிற தந்திரம்!"

அவ்வளவுதான். இன்னொருவன் எக்ஸான் பெட்ரோல் கம்பெனி சின்னத்தில் இரண்டு எக்ஸ் எழுத்தும் பின்னிக்கொண்டிருப்பது ரகசியச் சிலுவை என்றான். டிராஃப்டர் ஓரமாகப் படுத்துக்கொண்டது. விடிய இரண்டு மணி வரை ரகசியம்தான்!

எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது. மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து தேடிய பிறகு கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

லோவி சாதாரண ஆள் இல்லை. 1893-இல் பாரிஸில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு 1919-இல் அமெரிக்கா போனார். 1929-இல் அவருக்குக் கிடைத்த வேலை, கெஸ்டட்னர் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் புது உருவம் கொடுப்பது. நம் சீனியர்களுக்கும் சீனியர்கள் காலத்தில் கேள்வித்தாள் சைக்ளோஸ்டைல் எடுத்தார்களே, அந்தக் குடும்பத்து இயந்திரம்தான். களிமண்ணை அப்பி மூன்றே நாளில் வடிவம் பிடித்தாராம். அதன் பிறகு ரயில் இஞ்சின், ஃபிரிட்ஜ், கார், சிகரெட் பெட்டி, 1971-இல் ஷெல் கம்பெனியின் சிப்பிச் சின்னம் என்று அவர் கை படாத பொருளே இல்லை. இப்படிப்பட்ட மனிதரைச் சுற்றிக் கதை கட்டாமல் விடுவார்களா?

பாட்டிலுக்கு வருவோம். அந்த பாட்டில் பிறந்தது 1915-இல். அப்போது லோவி போர்க்களத்தில்! வடிவம் கொடுத்தவர் ஏர்ல் டீன். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து டெர்ரே ஹோட் ஊரில் ரூட் கிளாஸ் கம்பெனியின் மோல்டு ஷாப்காரர். கம்பெனி கேட்டது இதுதான்: இருட்டில் தடவிப் பார்த்தாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் இன்ன பாட்டில் என்று தெரிய வேண்டும். டீன் பார்த்து வரைந்தது கலைக்களஞ்சியத்தில் இருந்த கொக்கோ காயின் படம். நம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக வைக்கிறார்களே, அதே காய்தான். அதன் மேல் ஓடும் வரிகள்தான் பாட்டில் மேல் ஓடும் வரிகள். இத்தனைக்கும் அந்த பானத்துக்கும் கொக்கோவுக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஒரு வேடிக்கை.

முதல் மாதிரியில் நடுப்பாகம் அடிப்பாகத்தைவிடப் பெருத்திருந்தது. கன்வேயரில் நிற்காமல் ஆடியது. வயிற்றைக் குறைத்தார்கள். நம்ம ஆள் "இடுப்பு" என்று சொன்னானே, அந்த வளைவு இப்படி வந்ததுதான். ரகசியம் கன்வேயரில் இருக்கிறது தோழர்களே!

மே வெஸ்ட் என்ற நடிகை பெயரை அந்த பாட்டிலுக்குச் செல்லப்பெயராக வைத்தார்களே என்று கேட்கலாம். அந்த அம்மாள் சினிமாவுக்கு வந்ததே 1932-இல். பாட்டில்தான் மூத்தது. லோவியும் அந்த வடிவத்தில் பெண்மை தெரிகிறது என்று பின்னாளில் புகழ்ந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பார்த்து ரசித்தவரின் பேச்சு. அவர் அந்தக் கம்பெனிக்கு வேலை செய்தது 1940-களிலும், 1955-இல் பெரிய அளவு பாட்டில்கள் வந்தபோதும்தான்.

எக்ஸான் சின்னத்தை வரைந்தது மட்டும் நிஜமாகவே லோவி. 1966-இல் பென்சிலில் போட்டுப் பார்த்தது, 1972-இல் வெளியே வந்தது. பின்னிய எக்ஸில் இரட்டைக் குறுக்குக்கட்டை வைத்த லொரேன் சிலுவை தெரிகிறது, அது இரண்டாம் போரில் டி காலின் சுதந்திர பிரெஞ்சுப் படையின் சின்னம், லோவியோ பிரெஞ்சுக்காரர், ஆகவே ரகசியம் என்பது வாதம். சாய்த்துப் பார்த்தால் தெரியத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு எக்ஸை ஒரே கோட்டில் கோத்தால் வேறு எப்படித் தெரியும்? நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

உள்ளர்த்தமே கிடையாது என்று நான் சாதிக்க வரவில்லை. லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் பெட்டியைப் பாருங்கள். 1940-இல் கம்பெனித் தலைவர் ஹில், பெட்டியை இதைவிட நன்றாக்க முடியாது என்று 50,000 டாலர் பந்தயம் கட்டினார். லோவி பச்சையை வெள்ளையாக்கி, சிவப்பு வட்டத்தை முன்னும் பின்னும் போட்டு ஜெயித்தார். பெட்டி எப்படி விழுந்தாலும் பெயர் தெரியுமல்லவா? 1942-இல் வெள்ளைப் பெட்டி கடைக்கு வந்தபோது கம்பெனி என்ன விளம்பரம் செய்தது தெரியுமா? பச்சை மைக்கு வேண்டிய உலோகம் போருக்குப் போய்விட்டதாம்! பச்சைப் பெட்டி பெண்களுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உள்ளே இருந்த முக்கியக் காரணம். இங்கே ஒளித்தது டிசைனர் இல்லை, விற்றவன். இந்த மாதிரி ரகசியத்தைத் துருவினால் எனக்குச் சந்தோஷம். ஆனால் அதற்கு பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை, வருஷத்தையும் கணக்கையும் பார்க்க வேண்டும்.

எனக்குக் கோபம் எங்கே வந்தது என்றால், டீன் விஷயத்தில்தான். பாட்டிலின் காப்புரிமை அவர் பெயரில் இல்லை. ஆலை மேற்பார்வையாளர் சாமுவேல்சன் பெயரில் இருக்கிறது. டீனுக்கு 500 டாலர் வேண்டுமா, ஆயுள் முழுக்க வேலை வேண்டுமா என்று கேட்டார்களாம். வேலை போதும் என்றாராம். (வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு அந்தப் பதில் நன்றாகவே புரிகிறது.) முதலில் மேலதிகாரி பெயர். அப்புறம் ஊரார் வாயில் லோவி பெயர். கடைசியில் நாம் வந்து, பாட்டிலுக்குள் ஒரு பெண்ணை உட்கார வைத்து, மோல்டு ஷாப்பில் நின்ற மனிதனை மூன்றாவது தடவையாக வெளியே தள்ளுகிறோம். லோவிக்கும் இது நியாயமில்லை. பென்சில்வேனியா ரயில்வேயின் ஜிஜி1 மின் இஞ்சினுக்கு அவர் செய்த பெரிய காரியம், ரிவெட் அடித்த உடம்பை வெல்டிங்குக்கு மாற்றச் சொன்னது. ஆயிரக்கணக்கான ரிவெட் தலை போய் வழுவழுவென்று ஆனது. இதையெல்லாம் யார் ராத்திரி இரண்டு மணி வரை பேசுகிறோம்?

எங்கள் அப்பா கிரில் கேட் வெல்டிங் செய்பவர். ஒரு வீட்டு கேட்டில் அவர் வைத்த வளைவைப் பார்த்து, "அண்ணே, இது ஓம்காரம்தானே? நல்ல ராசிண்ணே!" என்று ஒருத்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா என்னிடம் தனியாகச் சொன்னது: "மிச்சக் கம்பிடா. வளைச்சா அளவு சரியா வந்துச்சு. அந்த இடத்துல நாய் நுழையாம இருக்கணும்னு வேற கேட்டாங்க." அந்த வளைவை ஒரே சூட்டில், முறுக்கு விழாமல் வளைக்க அவருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று அந்த ஆள் கேட்கவே இல்லை.

ஹாஸ்டல் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "போடா, நீ ரசனை கெட்டவன்" என்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவனே வெர்னியர் காலிப்பர் இரவல் வாங்கி வந்தான். கழுத்து, வயிறு, அடி என்று விட்டம் அளந்து முழு அளவில் ஃபிரண்ட் வியூ போட்டோம். வளைவு மட்டும் பிரெஞ்சு கர்வுக்கு அடங்கவே இல்லை, மூன்று தடவை அழித்துப் போட்டோம். அந்த ஷீட்டுக்கு மார்க் எதுவும் கிடையாது. எங்கள் அறைச் சுவரில் தொங்குகிறது.