காய்ப்பைச் சீவுபவருக்கு ஒரு நாற்காலி

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தால் நம் எல்லோரிடமும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “பொடியாட்ரி படிக்கலாமா? படித்தால் வேலை கிடைக்குமா?” பிசியோதெரபி மாணவர்கள் கேட்கிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து முதுநிலை இடத்துக்குக் காத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். டிரெஸ்ஸிங் அறையிலேயே பல வருஷம் நின்றுவிட்ட செவிலியர்களும் கேட்கிறார்கள். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடிவதில்லை.

அமெரிக்காவில் இந்தப் பாத மருத்துவப் படிப்புக்குப் பாதை தெளிவாக இருக்கிறது. இளநிலைப் பட்டம், அதன்மேல் நான்காண்டு டி.பி.எம்., பிறகு மூன்றாண்டு ரெசிடென்சி. முடித்து வருபவர் பாதத்துக்கு மருந்தும் எழுதுவார், எலும்பிலும் கைவைப்பார். பிரிட்டனில் அது மூன்றாண்டுப் பட்டம், ஸ்காட்லாந்தில் நான்காண்டு, எச்.சி.பி.சி. பதிவு இல்லாதவர் பொடியாட்ரிஸ்ட் என்று பலகை மாட்டினால் சட்டப்படி குற்றம். இந்தியாவில் 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் பொடியாட்ரிஸ்டையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்குரிய படிப்பை ஊருக்கு ஊர் தேடினாலும் எளிதில் கிடைக்காது. இன்னொன்றையும் கேட்பவர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: டி.பி.எம். என்பது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இணையான பட்டம் அல்ல. வீட்டை அடகு வைத்து அங்கே போய்ப் படித்துவிட்டு, திரும்பி வந்து இங்கே மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்களை விமானம் ஏறும் முன்பே உட்காரவைத்துப் பேசுவது நம் கடமை.

தேவையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழக அரசும் ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற பெயரில் பாத சிகிச்சையைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. வரவேற்போம். ஆனால் மருத்துவமனையில் ஓர் அறையை ஒதுக்கிப் பலகை மாட்டுவது ஒரு வாரத்து வேலை. அந்த அறையில் உட்காரப் போகிறவர் யார்?

இன்று நோயாளியின் கால் ஆள் மாற்றி ஆள் கைமாறுகிறது. பொது மருத்துவர் சர்க்கரை அளவைப் பார்த்து மாத்திரையை மாற்றுகிறார், ஓ.பி. வரிசையின் நீளத்தில் செருப்பைக் கழற்றச் சொல்ல அவருக்கு நேரமில்லை. விரல் கறுத்த பிறகு அறுவை மருத்துவரிடம் போகிறது. ரத்த ஓட்டம் இல்லையென்று அவர் வேறொருவருக்கு எழுதுகிறார். புண் ஆறிய பின் செருப்புக்கு இன்னோர் ஊர். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகத்தான் செய்கிறார்கள். காய்ப்பு விழுந்த நாளிலிருந்து அந்தக் காலைத் தன் பொறுப்பாக வைத்துக்கொண்டவர் என்று ஒருவரும் இல்லை.

படிப்பை எங்கிருந்து தொடங்குவது என்பதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. பாத அறுவையைத் தனிச் சிறப்புத் துறையாக வளர்க்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. கொச்சி அமிர்தா மருத்துவமனை போன்ற இடங்களில் அது நடக்கவும் செய்கிறது. அந்த அறிவும் வேண்டியதுதான். ஆனாலும் முதலில் நிரப்ப வேண்டியது அறுவை அரங்கை அல்ல, அதற்கு முந்தைய நாற்காலியை என்பது இந்த இதழின் நிலைப்பாடு. காய்ப்பைச் சீவத் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தால், அறுக்கத் தெரிந்தவரிடம் போகும் கூட்டம் தானாகவே குறையும்.

சீவுவது சின்ன வேலை என்று நினைப்பவர் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, வெங்காயத் தோல்போல மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். மூன்றாவது நான்காவது சீவலில் அடியில் பழுப்பாக ஒரு புள்ளி தெரியும். உள்ளே ரத்தம் கசிந்து உறைந்த இடம் அது. புண் அங்கே ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் நிறுத்துவதா, திறப்பதா என்று கைதான் முடிவு செய்கிறது. காய்ப்பை எடுத்த உடனேயே அந்த இடத்தின் உச்ச அழுத்தம் ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது என்று தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அளந்து காட்டிவிட்டார்கள். இத்தனை குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் சிகிச்சை நம்மிடம் வேறு அதிகம் இல்லை.

பாதத்தின் உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையும் அப்படித்தான். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லாமல், “தெரியுதா, தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே குத்தினால் எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். நடுவில் தொடாமலேயே ஒருமுறை கேட்க வேண்டும். காய்ப்பின்மேல் வைக்கக் கூடாது. பத்துப் பேரைப் பார்த்த இழைக்கு ஒருநாள் ஓய்வு தர வேண்டும். முகாம்களில் ஒரே இழை காலையிலிருந்து மாலைவரை ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பாடத்திட்டம் எழுதுபவர்கள் லண்டனையும் நியூயார்க்கையும் பார்த்து எழுதும் முன் வேலூரைப் பார்க்கட்டும். 1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கின்றன என்பதைக் கண்டார். சிலருக்கு விரல் இரவோடு இரவாகக் குறைந்தது; தூங்கும்போது எலி கடித்திருக்கிறது. வீடு திரும்புகிறவர் கையில் அவர் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார். பாதப்புண்ணை மாவுக்கட்டுக்குள் வைத்து ஆற்றிய முறையும், கரிகிரித் தொழுநோய் மையத்தின் பணியோடு சேர்ந்து வளர்ந்த எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பும் அந்தக் காலத்தவைதான். 1966-இல் அவர் லூசியானாவின் கார்வில்லுக்குப் போனபோது இந்த அனுபவமும் கூடவே போயிற்று; அங்கிருந்துதான் அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் அது சென்றது. நம் ஊரில் பிறந்ததை டாலர் கட்டிப் படித்துவர வேண்டியிருப்பதில் கொஞ்சம் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது.

மேலைப் பாடநூல்களில் இல்லாத அத்தியாயங்களை நாம்தான் எழுத வேண்டும். செருப்பை வாசலிலேயே விடும் வீட்டில், எம்.சி.ஆர். செருப்பு எத்தனை மணி நேரம் காலில் இருக்கும்? வீட்டுக்குள் போட இரண்டாவது ஜோடி எழுதாத சீட்டு பாதிச் சீட்டுதான். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல், பழநிப் பாதயாத்திரை, பௌர்ணமி கிரிவலம் இவற்றையெல்லாம் “போகாதீர்கள்” என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நோயாளி போகத்தான் போவார், நம்மிடம் சொல்லமாட்டார். விடியற்காலையில் போகச் சொல்லலாம், வந்த உடனே பாதத்தைக் காட்டச் சொல்லலாம். விரல் வீங்கிக்கொண்டிருக்கும்போது மெட்டியைக் கழற்றச் சொல்வது இன்னும் கடினம். கணவர் பக்கத்தில் நிற்க, “புண் ஆறினதும் போட்டுக்கலாம்மா, இப்ப விரலைக் காப்பாத்திடலாம்” என்று அந்த அம்மாவிடம் சொல்லப் பழகியவர்தான் அதை வெட்டி எடுக்க முடியும். இதற்கும் செய்முறை வகுப்பு வேண்டும்.

பிள்ளைகள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம். வேலை கிடைக்குமா? யார் சம்பளம் தருவார்கள் என்பதைப் பொறுத்தது அது. காலை எடுக்கும் அறுவைக்குக் காப்பீடு பணம் தருகிறது. அதைத் தடுக்கக்கூடிய காய்ப்புச் சீவலுக்கும் செருப்புக்கும் நோயாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கொடுப்பதில்லை. அமெரிக்க மெடிகேர் 1993-இலிருந்து தகுதியுள்ள சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி சிறப்புக் காலணிக்குப் பணம் தருகிறது. வழக்கமான நகம் வெட்டலுக்கு அங்கும் தருவதில்லை; புற ரத்த ஓட்டமோ உணர்வோ கெட்ட கால்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்குதான் அங்கே பல கிளினிக்குகளுக்கு அரிசி போடுகிறது. இங்கேயும் காப்பீட்டுப் பட்டியலில் “உணர்விழந்த பாதத்தின் காய்ப்பு நீக்கல்” என்று ஒரு வரி ஏறாதவரை, படித்து வருபவர் மாலையில் வேறு வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

ஆணையத்தின் பாடத்திட்டம் இறுதியாகும்போது நம் சங்கங்கள் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் பாதியாவது டிரெஸ்ஸிங் அறையில் கழிய வேண்டும். செருப்புப் பட்டறையில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து, தன் கையால் இன்சோல் வெட்ட வேண்டும். அனுபவமுள்ள செவிலியர் ஆண்டுகளைக் கழித்துக்கொண்டு நுழையப் பக்கவாசல் இருக்க வேண்டும். இறுதித் தேர்வைப் பற்றி நம் யோசனை: கேள்வித்தாளுக்கு முன், முன்பின் தெரியாத நோயாளி ஒருவரின் செருப்பை மட்டும் மாணவர் கையில் கொடுப்போம். உள்தளத்தில் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது, எந்தப் பக்கம் வார் நைந்திருக்கிறது என்று பார்த்து, காலில் புண் எந்த இடத்தில் இருக்கும் என்று அவர் சொல்லட்டும். அதன்பிறகு திரையை விலக்கலாம். ஆசிரியர் குழுவின் இந்த வரைவு குறித்து வாசகர்கள் எழுதலாம். ஆணையத்துக்கு அனுப்பும் மனுவில் அந்தக் கருத்துகளும் சேரும்.