லெட்ரோசோலுக்குப் பிறகும் வழி உண்டு

ஆசிரியருக்கு,

ஹார்மோன் மாத்திரை கைவிட்டால் அடுத்தது கீமோதான் என்பதுபோல் உங்கள் மார்பகப் புற்றுநோய்க் கட்டுரை முடிந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரல் போன்ற உறுப்பு செயலிழக்கும் நிலை என்றால் கீமோ தேவைதான், அது வேறு விஷயம்.

லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே என் அக்காவுக்கு நோய் எலும்பில் பரவியது. டாக்டர் விளக்கினார்: லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜன் சுரப்பைத்தான் குறைக்கும். இஎஸ்ஆர்1 மரபணு மாறிவிட்டால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே புற்றுசெல்லில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இயங்கும். அந்த ஏற்பியையே சிதைப்பது ஃபுல்வெஸ்ட்ரன்ட். மாதாமாதம் இரு பக்க இடுப்பிலும் ஊசி. கெட்டியான மருந்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள். கூடவே பால்போசிக்ளிப் என்ற மருந்து, 21 நாள் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி. 2023 ஜனவரியில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து ஜெனரிக் வந்ததால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. அதே மாதம், இஎஸ்ஆர்1 மாறியவர்களுக்கான எலசெஸ்ட்ரன்ட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த இஎஸ்ஆர்1 மாற்றத்தை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். நோய் திரும்பியவர்கள் இதை டாக்டரிடம் கேட்கட்டும் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்களேன்.

– ஒரு வாசகி, திருச்சி