சுமை யார் தலையில்?

கருவி செய்வோர் பலர். கருவியைக் கையாளுவோனுடைய கையையும் கண்ணையும் முதலில் நோக்கிப் பின்னர் அதற்கு உருவங்கொடுத்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்கராகிய லறி ரெஸ்லர் (1945–2020). கணினியில் ஒரு பந்தியை வெட்டி வேறோரிடத்தில் ஒட்டுந்தோறும் நாம் அவருடைய கைப்பணியையே பயன்படுத்துகின்றோம். ஆயினும் அவர் பெயரை அறிந்த மாணவரைக் காண்டல் அரிது.

ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், 1973இல் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுநிலையத்திற் சேர்ந்தார். அங்கு உருவான பிராவோ என்னும் பதிப்புக் கருவி இருநிலையது. ஒரு நிலையில் தட்டிய எழுத்து எழுத்தாகவே நிற்கும். மற்றை நிலையில் அவ்வெழுத்தே கட்டளையாகும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிற்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினாராயின், முதலெழுத்து ஆவணம் முழுவதையும் தெரிந்தெடுக்கும்; இரண்டாவது அதனை அழிக்கும்; மூன்றாவது புதிது சேர்க்க வழிதிறக்கும்; நான்காவது எழுத்து அங்கே தனித்து நிற்கும். திருத்தப் புகுந்தவருக்கு எஞ்சுவது ஓரெழுத்து! இது தட்டியவர் பிழையா, கருவி செய்தவர் பிழையா? பின்னதே என்பது ரெஸ்லரின் கொள்கை. ரிம் மொற் என்பாருடன் சேர்ந்து, பாடநூற் பதிப்பாளர்க்கென அவர் ஆக்கிய ஜிப்சி என்னுங் கருவியில் இவ்விருநிலைத் தொல்லை பெரிதும் நீங்கிற்று. 1980 முதல் 1997 வரை அப்பிள் நிறுவனத்தில் இருந்தபோதும் இதனையே வற்புறுத்தினார்.

எக்கருவியிலும் நீக்கவொண்ணாத சிக்கல் ஒருபங்கு உண்டு. அதனைச் செய்பவர் சுமப்பதா, பயன்படுத்துபவர் சுமப்பதா என்பதே வினா. இது ரெஸ்லர் விதி என்று வழங்குகின்றது.

2022 நவம்பரிற் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் பெருகிவரும் கருவிகளை இவ்விதிகொண்டு நோக்குக. வெறும் பெட்டி ஒன்று நம்முன் வைக்கப்படுகின்றது. அதனிடம் எவ்வாறு கேட்பது என்பதற்கே இன்று வகுப்புகள் நடைபெறுகின்றன. கேட்கப் பயிலுதலும் கல்வியன்றோ என்பர் சிலர். பொருளை விளங்கிக்கொள்ளக் கேட்கும் வினா கல்விதான்; பொறியின் போக்கறிந்து சொற்களை மாற்றி மாற்றி இடுதல் கல்வியாகாது. அது பிராவோவின் கட்டளை நிலை வேறு வேடத்தில் வந்ததேயாம்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நூலில் உள்ளதையும் இல்லாததையும் இக்கருவி ஒரே தொனியிற் கூறும். புறநானூற்றுச் சொல்லொன்றுக்குப் பொருள் கேட்ட மாணவன், வந்தது உரையாசிரியர் கூறிய பொருளோ பொறி புனைந்த பொருளோ என்பதை எங்ஙனம் அறிவான்? அறிவானாயின் கேட்டிருக்க மாட்டான். விடையின் அடியிற் சிற்றெழுத்தில் 'பிழையிருக்கலாம், சரிபார்க்க' என்று பொறித்துவிட்டு விலகுவது, சுமக்க இயலாதவன் தலையிற் சுமையை ஏற்றுவதாகும்.

இக்கருவிகளுக்கு உருவங்கொடுக்கும் இளைஞர், வரைபடம் வரையுமுன் பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தும் ஓர் ஆசிரியர் அருகில் ஒருவாரம் அமர்ந்திருப்பாராக. எந்நூல், எவ்வுரை, எப்பக்கம் என்ற மூன்றையும் காட்டாத விடையை அவ்வாசிரியர் எத்தனை முறை சிவப்பு மையாற் சுழிக்கின்றார் என்பதை எண்ணிக்கொண்டு செல்லட்டும்.